பூனைக்கு விளையாட்டு, எலிக்கு?



"பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது" என்பது நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட பழமொழி. பள்ளிக்கூடத்திலும் கல்லூரி விடுதியிலும் ஒரு பிள்ளையை நாலு பிள்ளைகள் சேர்ந்து நாள்தோறும் வாட்டி எடுப்பதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லிவிட முடியாது. வாட்டுகிறவனைக் கேட்டால், "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்பான். வகுப்பு டீச்சரைக் கேட்டால், "பிள்ளைகளுக்குள்ளே இதெல்லாம் சகஜம்" என்பார். வீட்டுக்கு வந்து சொன்னாலோ, "நீ பாட்டுக்கு இருடா கண்ணு, வம்பு தும்புக்குப் போகாதே, நாம பிழைக்க வந்த இடம்" என்று நாமே வாயை அடைத்து விடுகிறோம். அடித்தவன், பார்த்தவர், பெற்றவர் ஆகிய மூவருக்கும் இது சின்ன விஷயம். எலியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. எது கேலி, எது கொடுமை, அதை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் என்ன செய்வது என்பதை, பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலையிலும் வாழும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் புல்லியிங் என்கிறார்கள். கல்லூரியில் சீனியர் ஜூனியரைச் செய்தால் ராகிங் என்கிறோம். இலங்கை, மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் "பகடிவதை" என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. பார்ப்பவனுக்குப் பகடி, படுபவனுக்கு வதை என்ற இரண்டு முகமும் அதில் இருக்கின்றன. நாமும் அப்படியே சொல்வோம்.

சிதம்பரத்தில் விழுந்த அடி

தமிழர்கள் இந்த விஷயத்தில் கண் விழித்தது 1996ஆம் ஆண்டில். அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசு, அந்த ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி, சீனியர் மாணவன் ஜான் டேவிட்டின் கையால் கொல்லப்பட்டார். நாவரசுவின் தந்தை பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே பாதுகாப்பு இல்லையென்றால் மற்றவர் பிள்ளைகளின் கதி என்ன என்று நாடே பதைத்தது.

வழக்கு நடந்த கதையும் நீண்டது. 1998இல் கடலூர் நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. குற்றம் நடந்ததற்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இந்தக் கொலையின் விளைவாகத்தான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே கேரளமும் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதே 1997இல் இலங்கை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர், ராகிங் என்ற பெயரில் கட்டாய உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1998இல் அங்கும் சட்டம் பிறந்தது. ஆக இரு நாடுகளிலும், ஒரு தாயின் வயிறு எரிந்த பிறகுதான் சட்டப் புத்தகம் திறந்தது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 2024 பிப்ரவரி 18 அன்று வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் சித்தார்த்தன் என்ற இரண்டாமாண்டு மாணவர் இறந்து கிடந்தார். அதற்கு முந்தைய நாட்களில் சக மாணவர்கள் அவரை விடுதியிலேயே அடித்து வதைத்தார்கள் என்பது வழக்கு. அது சி.பி.ஐ. வரை போயிற்று. 2025 பிப்ரவரியில் கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்களைச் சுமார் மூன்று மாதம் சித்திரவதை செய்ததாக ஐந்து சீனியர் மாணவர்கள் கைதானார்கள். நம் பாலக்காட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கப் போகும் கோயம்புத்தூரிலும், 2023 நவம்பரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி விடுதியில் ஜூனியர் மாணவரிடம் குடிக்கப் பணம் கேட்டு, அடித்து, மொட்டையடித்ததாக ஏழு மாணவர்கள் கைதானார்கள்.

கோட்டயத்துச் செய்தியில் என்னை உறங்க விடாதது அந்த "மூன்று மாதம்" என்ற சொல்தான். அந்தத் தொண்ணூறு நாளும் அந்தப் பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் போன் பேசினார்கள். யாருக்கும் தெரியவில்லை.

எது கேலி, எது வதை?

கேலியே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. நண்பர்களுக்குள் கேலி இல்லாத பள்ளிக்கூடம் உப்பில்லாத சாப்பாடு. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை முதலில் தெளிவாகப் போட்டவர் டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர். சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றியவர். 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர். 1982இன் கடைசியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டபோது அந்நாட்டு அரசு அதிர்ந்து போய், 1983இல் நாடு முழுவதும் பள்ளிகளில் ஓர் இயக்கம் நடத்தியது. அதற்கு இவருடைய ஆய்வே அடிப்படை.

அவர் சொன்ன அடையாளம் மூன்று. ஒன்று, வேண்டுமென்றே துன்புறுத்துவது. இரண்டு, ஒருநாள் கூத்தாக இல்லாமல் திரும்பத் திரும்ப நடப்பது. மூன்று, பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு பையன்கள் மைதானத்தில் கட்டிப் புரண்டால் அது சண்டை. மறுநாள் சேர்ந்து விளையாடுவார்கள். ஆனால் ஒருவன் மட்டும் எப்போதும் அடி வாங்கினால், திருப்பி ஒரு சொல் சொல்ல அவனுக்கு வழியே இல்லை என்றால், அது வதை. பலம் என்றால் உடல் பலம் மட்டும் அன்று. ஆள் பலம், பண பலம், சாதி பலம், பெரிய வகுப்பு என்ற பலம், பெரும்பான்மை மொழி என்ற பலம் எல்லாம் பலமே.

நான் ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன். "அவன் இடத்தில் நீ இருந்தால் நீயும் சிரிப்பாயா? அவன் 'போதும்' என்றால் நீ நிறுத்துவாயா?" இந்த இரண்டு கேள்விக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால் அது விளையாட்டு. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் அது விளையாட்டு இல்லை.

வதை அடி உதையாகத்தான் வரும் என்று நினைப்பதும் தவறு. டிபன் பாக்ஸை ஒளித்து வைப்பது, நோட்டைக் கிழிப்பது, கடைக்கு அனுப்பி எடுபிடி வேலை வாங்குவது, காசு பிடுங்குவது, பட்டப்பெயர் வைப்பது, பொய்யைப் பரப்புவது எல்லாம் இதில் சேரும். பெண் பிள்ளைகளிடையே இன்னொன்றும் உண்டு. ஒருத்தியோடு யாரும் பேசக்கூடாது என்று முடிவு கட்டி, ஊர் விலக்கம் செய்வதுபோல் ஒதுக்கி விடுவார்கள். காயம் வெளியே தெரியாது. பேசாமல் இருந்ததற்கு யாரிடம் போய்ப் புகார் சொல்வாள்?

இப்போது செல்போன் வேறு. முன்பெல்லாம் பள்ளி மணி அடித்ததும் வதை முடியும், வீடு பிள்ளைக்குப் புகலிடமாக இருக்கும். இன்று வாட்ஸ்அப் குழு வழியாக அது வீட்டுக்குள், போர்வைக்குள் வந்துவிட்டது. பெரியவர்களையே அது சாய்த்துவிடுகிறது. மலேசியாவில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி என்ற தமிழ்ப் பெண், இணையத்தில் இடைவிடாத ஏச்சுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி, 2024 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றவாளிகளில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை வெறும் 100 ரிங்கிட் அபராதம். மக்கள் கொதித்ததால் அந்நாடு தன் குற்றவியல் சட்டத்தையே திருத்தியது.

நம் எல்லையில் அது எப்படி வரும்?

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குள் வந்தன. அதற்கு வெகு காலம் முன்பே தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் மலையில் இருந்தன. பின்னாளில் கஞ்சிக்கோட்டுக்கும் ஒலவக்கோட்டுக்கும் வேலையாக வந்தவர்களும் உண்டு. நம் பிள்ளை தமிழ் வழியில் கீழ் வகுப்புகளைப் படித்துவிட்டு, மேல் வகுப்புக்கு மலையாளம் பேசும் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்குப் போகிறது. முதல் நாள் வாயைத் திறந்ததும் "ழ" சரியாக வந்தாலும் வாக்கியம் தடுக்கும். பின் பெஞ்சிலிருந்து "பாண்டி" என்று ஒரு குரல். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் என்றால் போகட்டும். ஆண்டு முழுதும் அவனுக்குப் பெயரே அதுவாகிவிட்டால்? டீச்சரும் அறியாமல் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டால்?

மலையாளிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நமக்காகப் பரிந்து பேசிய மலையாள ஆசிரியர்களும் பக்கத்து வீட்டுச் சேச்சிமார்களும் நம் எல்லோர் வாழ்விலும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளிப் பிள்ளைக்கும் இதே கதைதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது குமுளி எல்லையில் இருபுறமும் சாமானிய மக்கள் பட்ட பாடு நினைவிருக்கும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல தேனிப் பக்கம் இறங்கிப் போயின. அங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. பெரியவர்கள் டீக்கடையில் பேசுவது மறுநாள் வகுப்பறையில் எதிரொலிக்கும். பிள்ளைகள் வானத்திலிருந்து வெறுப்பைக் கற்றுக்கொண்டு வருவதில்லை.

மொழியை வைத்துக் கேலி செய்வது சின்ன விஷயம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளில் 2016இல் ஒரு திருத்தம் செய்தார்கள். நிறம், மதம், சாதி, பால், தோற்றம், பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றோடு, ஒருவரின் மொழி அடையாளத்தைக் குறிவைத்துச் செய்யும் வதையும் ராகிங் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆகவே "பாண்டி" என்று விடாமல் அழைத்து ஒரு மாணவனை நோகடிப்பது குறும்பு அன்று. கல்லூரியில் அது தண்டனைக்குரிய செயல்.

விரிசலைக் கண்டுபிடிப்பது

நான் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். மார்கழிக் குளிரில், விடியற்காலையில், தண்டவாளம் சுருங்கி 'பட்'டென்று உடையும். பார்ப்பவர்களுக்கு அது திடீரென்று உடைந்ததுபோல் இருக்கும். உண்மையில் ஃபிஷ் பிளேட் போல்ட் துளைக்கு அருகே மயிரிழை விரிசல் வெகுநாளாக இருந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கீமேன் தினமும் தன் எல்லை முழுதும் நடக்கிறார். கைச்சுத்தியும் ஸ்பேனரும் தூக்கிக்கொண்டு, ரயில் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கிறார். பிள்ளை விஷயத்தில் பெற்றோர்தான் கீமேன். தினமும் நடந்தால்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

கவனிக்க வேண்டியவை இவை:

• காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடிப்போவது.

• பேனா, குடை, தின்பண்டக் காசு அடிக்கடி "தொலைந்து" போவது. காரணம் சொல்லாமல் கூடுதல் காசு கேட்பது.

• வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் வருவது, சுற்று வழியில் நடந்து வருவது.

• பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஓடுவது. ஆசிரியர் கண் படாத இடம் அதுதான்.

• கிழிந்த சட்டை, சிராய்ப்புக்கு "விழுந்துட்டேன்" என்ற ஒரே பதில்.

• மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வருவது, அல்லது பசித்துப் போய் வருவது.

• நன்றாகப் படித்த பிள்ளை மார்க்கில் சறுக்குவது. நண்பன் பெயர் ஒன்றுகூடப் பேச்சில் வராதது.

• போன் ஒலித்தால் திடுக்கிடுவது.

• தம்பி தங்கைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவது. வெளியே பட்டதை வீட்டில் இறக்குகிறான்.

• வீட்டில் தமிழில் பேசவே கூசுவது, அம்மா பள்ளிக்கு வரவேண்டாம் என்பது. இது நம் பிள்ளைகளுக்கே உரிய அடையாளம்.

இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் பதற வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து, இரண்டு வாரம் நீடித்தால் விசாரிக்க வேண்டும். "யாராவது உன்னை அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வான். "இன்றைக்கு மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? பஸ்ஸில் யார் கூட வந்தாய்?" என்று கேளுங்கள். பதிலில் ஆள் இல்லையென்றால் அங்கே விரிசல் இருக்கிறது.

சொன்ன பிறகு நாம் நடந்துகொள்ளும் விதமும் முக்கியம். "ஆம்பளைப் பையன், திருப்பி ரெண்டு கொடுக்கத் தெரியாதா?" என்பதும், "நீ என்ன பண்ணினே? சும்மாவா அடிப்பான்?" என்பதும் பிள்ளையை இரண்டாம் முறை அடிப்பது. பலம் சமமில்லை என்பதால்தானே அது வதை? திருப்பி அடிக்க முடிந்திருந்தால் அவன் நம்மிடமே வந்திருக்க மாட்டான்.

புகாருக்குப் பின் காவல் வேண்டும்

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனைச் சக மாணவர்கள் சாதியைச் சொல்லிச் சீண்டினார்கள், எடுபிடி வேலை வாங்கினார்கள். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஆசிரியர்கள் விசாரித்தபோது எழுதிக் கொடுத்தான். அன்றிரவே அரிவாளோடு வீடு புகுந்து அவனையும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பிழைத்தெழுந்த அந்தப் பையன் 2024இல் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான் என்பது நெஞ்சை நிமிர்த்தும் செய்தி. இச்சம்பவத்தை ஒட்டி நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

நாங்குநேரி சொல்லும் பாடம் இது: பள்ளிக்குப் போவதை நிறுத்தியதுதான் அந்தப் பிள்ளை காட்டிய அடையாளம். புகார் கொடுத்த நாள்தான் மிக ஆபத்தான நாள். புகாரை வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. புகார் கொடுத்தவனுக்குக் காவல் இருக்க வேண்டும். போகும் வழி, வரும் வழி, வீடு மூன்றையும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? எந்தத் தேதி, எந்த இடம், யார் யார், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனில் வந்த மிரட்டலை அழிக்காமல் வையுங்கள். வகுப்பாசிரியரிடம் வாயால் சொல்லுங்கள். பலனில்லை என்றால் நிறுவனத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எழுதித் தர ஆள் கிடைப்பார்கள்.

கேரளத்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குப் பெரிய துணை. பயமோ வெட்கமோ மனவேதனையோ உண்டாக்கும் செயலையும், ஒரு மாணவன் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதையும்கூட அது ராகிங் என்கிறது. மாணவனோ பெற்றோரோ ஆசிரியரோ எழுத்தில் புகார் கொடுத்தால், நிறுவனத் தலைவர் 7 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரைச் சஸ்பெண்ட் செய்து, புகாரைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகாரை அமுக்கி வைக்கும் தலைவர் குற்றத்துக்கு உடந்தை என்றே கருதப்படுவார். "நம்ம ஸ்கூல் பேர் கெட்டுப் போகும், பேசித் தீர்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவை மரியாதையாக நினைவூட்டுங்கள். அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் ஆசிரியருக்கும் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதையும் மறக்க வேண்டாம்.

குறித்து வைக்க வேண்டிய எண்கள்: குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, கல்லூரி ராகிங் புகாருக்கு 1800-180-5522, மனம் உடைந்து போன பிள்ளைக்கு ஆறுதலும் ஆலோசனையும் சொல்ல டெலிமானஸ் 14416, அவசரத்துக்கு 112.

நம் வீட்டுப் பூனை

இதுவரை நம் பிள்ளை எலி என்றே பேசினோம். நம் பிள்ளை பூனையாகவும் இருக்கலாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்; பரவாயில்லை.

இன்று இடுக்கித் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் கொழுந்து பறிக்கின்றன. நம் தாத்தா பாட்டி அன்று எப்படி வந்தார்களோ அப்படியே இன்று அவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளையும் பள்ளிக்கு வருகிறது. அந்தப் பிள்ளையை நம் பிள்ளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று கேட்டதுண்டா? "பாண்டி" என்றால் நமக்கு வலிக்கிறதே, நாம் அவர்களை "பங்காளி" என்றும் "இந்திக்காரன்" என்றும் இளக்காரமாகச் சொல்வது அவர்களுக்கு இனிக்குமா? முதுவான் குடிகளிலிருந்து வரும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார நம் பிள்ளை மறுக்கிறதா?

சாதியும் அப்படித்தான். 2017இல் முதலமடை அருகே கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் சமூகத்தினர் தீண்டாமைக்கு ஆளாவதாக எழுந்த புகார் கேரளம் முழுதும் செய்தியானது. நம் எல்லைக்குள் நடந்த விஷயம் இது. வீட்டில் சாதிப் பெயரை வசையாகப் பேசினால், பிள்ளை அதைப் பள்ளிக்கு எடுத்துப் போகாமல் என்ன செய்யும்?

"உங்கள் பையன் இன்னொரு பையனை வாட்டுகிறான்" என்று ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னால், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்து பெல்ட்டை எடுக்கவும் வேண்டாம். பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அந்தப் பெல்ட் மறுபடி சொல்லிக் கொடுக்கும். உட்கார வைத்து, நடந்ததை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். பிறகு மாதக்கணக்கில் கண்காணியுங்கள்.

பூனைக்கும் எலிக்கும் நடுவே ஒரு பெருங்கூட்டம் வேடிக்கை பார்க்கிறதே, அதுவே வதைக்குத் தீனி. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் உருவாக்கி, 2009 முதல் நாடெங்கும் பள்ளிகளில் நடத்திய 'கிவா' என்ற திட்டம் அந்தக் கூட்டத்தைத்தான் குறி வைக்கிறது. யாரும் சிரிக்கவில்லை என்றால் வதைப்பவனுக்குச் சுவாரசியம் போய்விடும். ஆகவே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது மூன்றே விஷயம்: சிரிக்காதே, வீடியோவை அனுப்பாதே, தனியாக நிற்பவன் பக்கத்தில் போய் உட்கார். பெரிய வீரம் ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி வதை நின்றுவிடும். ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தான் தப்பிக்க இன்னொருவனை மாட்டி விடுவதுதான் கோள். ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது உதவி.

சங்கம் என்ன செய்யலாம்?

நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகின்றன. அத்தோடு இந்த மூன்றையும் செய்தால் செலவு அதிகம் ஆகாது. ஒன்று: ஒவ்வோர் ஊரிலும் மலையாளம் நன்றாக எழுதத் தெரிந்த இருவர், அதில் ஒருவர் பெண், புகார் எழுதித் தரவும் தோட்டத் தொழிலாளத் தாய்க்குத் துணையாகப் பள்ளிக்குப் போகவும் முன்வர வேண்டும். கூலி வேலையை விட்டு வந்து தலைமை ஆசிரியர் அறை வாசலில் தனியாக நிற்கும் தாய்க்கு, பக்கத்தில் ஒருவர் நின்றாலே குரல் வரும். இரண்டு: புது வகுப்புக்கும் புது விடுதிக்கும் போகிற பிள்ளைகளை ஜூன் மாதத்திலேயே அழைத்து, ஏற்கெனவே அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுடன் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். மூன்று: பி.டி.ஏ. கூட்டத்தை நாம் தவற விடக் கூடாது. மொழி தெரியாது என்று ஒதுங்கினால், நம் பிள்ளைக்காகப் பேச அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

"நாம பிழைக்க வந்த இடம், பணிஞ்சு போ" என்ற அறிவுரை ஒரு காலத்தில் நம் பெரியவர்களைக் காப்பாற்றியிருக்கலாம். கங்காணி அதட்டிய காலம் அது. இன்று நம் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே வாக்களிக்கப் போகிறவர்கள். பணிவு வேறு, பயம் வேறு. பெரியவர்களிடம் பணிவைக் கற்றுக் கொடுப்போம். ஆனால் ஒருவன் தினமும் வதைத்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதையும், சொன்னால் வீட்டில் நம்புவார்கள் என்பதையும் சேர்த்துக் கற்றுக் கொடுப்போம்.

இன்றிரவு சாப்பிடும்போது போனை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க வகுப்பிலே தனியா உட்கார்ந்து சாப்பிடறது யாரு?" அவன் சொல்லும் பெயர் வேறொரு பிள்ளையின் பெயராக இருந்தால், நாளை அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பிடி சோறு கூடுதலாகக் கட்டிக் கொடுங்கள். அவன் பதில் சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தால், வேலை எதுவானாலும் நாளைக் காலை பள்ளிக்குப் போய் வாருங்கள்.